அவருக்கு உப்பு இறங்கிய மழைக்காலம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்தில் இருந்ததில்லை, உப்பளத்தில்தான் இருந்தேன். ஆனால் இன்றைக்கு மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பு வியாபாரம் பண்ணுகிற அந்த அம்மா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். எந்த வரப்பில் தலையில் கூடையோடு ஓடினேனோ அதே வரப்பில் நின்று இன்றைக்கு ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறேன். குத்தகை என் பெயரில். கையெழுத்து போடுவேன், கைநாட்டு இல்லை. பஸ் போர்டைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுவேன். லாரிக்காரன் எடையில் என்னை ஏமாற்றப் பார்த்ததுண்டு. இரண்டாவது தடவை பார்த்தவன் கிடையாது.

இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். உழைத்து வந்த பெருமையை எதற்கு மறைக்க வேண்டும்? ஆனால் இப்படிப்பட்ட என் வீட்டில், உப்பு குறைந்து ஒரு மனுஷன் சாகக் கிடந்தார் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். என் கூடப் பிறந்த தம்பியே முதலில் சிரித்தான். அது சிரிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். "எழுதுறதுன்னா எழுது, என் பேரு மட்டும் வரக் கூடாது" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் பெயரை விட்டுவிட்டு என் பெயரைப் போட்டால் ஊருக்குத் தெரியாதா? அதனால் யார் பெயரும் இதில் இல்லை.

என் வீட்டுக்காரர் என்னைப் போல இல்லை. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதுவும் அவசியமென்றால். வியாபாரம் என்னுடையது, பாத்தி அவருடையது. வெயிலில் காய்ந்து பாத்தித் தண்ணீர் இறுகிக்கொண்டே வரும். உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. தண்ணீரில் விட்டால் மிதந்து கணக்குச் சொல்லும். இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு அடியில் விழும், அன்றைக்கு வாரி எடுக்கலாம். அவருக்கு அது வேண்டாம். ஒரு கை அள்ளி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார். "இருபத்தி மூணு. நாளன்னைக்கு வாரலாம்" என்பார். பிறகு குழாயை விட்டுப் பார்த்தால் இருபத்தி மூன்றில் நிற்கும். நான் இந்த அளவுக்கு வந்ததில் அந்த இரண்டு விரலுக்கும் பங்கு உண்டு. என் சாமர்த்தியத்துக்கு அடுத்தபடியாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பிரஷர் உண்டு, தினமும் மாத்திரை போடுகிறார். அதை விடப் பெரிய தொல்லை வயிறு. காலையில் ஒழுங்காகப் போகவில்லை என்றால் அன்றைக்குப் பூராவும் முகம் சுண்டிப்போய்க் கிடக்கும். வாழைப்பழம், விளக்கெண்ணெய், கடையில் விற்கிற பொடி என்று எல்லாம் பார்த்தாயிற்று. இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டார். டாக்டரிடம்கூடச் சொல்ல மாட்டார். "இதையெல்லாமாடி போய்ச் சொல்லுவாங்க?" என்பார்.

ஐப்பசி பிறந்தால் உப்பளத்தில் வேலை இல்லை. பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர் நின்று ஒரே ஏரியாகிவிடும். மிச்ச உப்பைக் குவித்து ஓலை மூடிவிட்டு ஆண்கள் வீட்டில் குந்தியிருப்பார்கள். அப்படி ஒரு ஐப்பசியில்தான் இடையஞ்சாவடியில் விவசாயம் பண்ணும் அவருடைய சிநேகிதர் வந்து, பெரிய முதலியார்சாவடியில் ஒரு மண்டபத்தில் இயற்கை வைத்திய வகுப்பு நடக்கிறது, மருந்தே இல்லாமல் வயிறு சரியாகிறது என்று சொல்லி அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். எந்த இடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று என் காதால் கேட்காமல் நான் எதையும் நம்புவதில்லை.

வகுப்பு எடுத்தவர் ஒல்லியான ஆள். முன்னே ஏதோ ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சு வெல்லம் மாதிரி இருந்தது. நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம்.

"உப்பளத்துக்காரங்களா? அப்போ உங்களுக்குத்தான் முதல்ல வேணும்" என்றார். "பாத்தி அடியில உப்பு படியுதில்ல? அதே மாதிரி உங்க குடல் சுவத்துல படிஞ்சு கெட்டியாக் கெடக்குது. வாயால தின்னது பத்தாதுன்னு காலாலயும் இழுத்திருக்கீங்க. பாத்தியை வருஷா வருஷம் கழுவுறது எது? மழைதானே? உங்க உடம்புக்கும் ஒரு மழைக்காலம் குடுங்க."

மண்டபத்துக்கு வந்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வேறு எந்த டாக்டர் எங்கள் தொழிலை வைத்து எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்? ஆண்டு முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு, உடம்புக்குள் உப்பு ஊறிப்போயிருக்கும் என்ற பயம் உள்ளுக்குள் எப்போதும் உண்டு. போகிற இடமெல்லாம் வைத்தியர்களும் "உப்பைக் குறைங்க, உப்பைக் குறைங்க" என்றுதானே சொல்கிறார்கள். இவர் வந்து கழுவுகிற வழியைச் சொன்னதும், வகுப்புக்கு வந்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வழி இதுதான். காலையில் வெறும் வயிற்றில் சொம்பு சொம்பாகத் தண்ணீர். பிறகும் மணிக்கொரு தடவை. சோற்றில், குழம்பில் உப்பே கூடாது. மாத்திரை மருந்தும் கூடாது என்றார், பிரஷர் மாத்திரையை மட்டும் நான் நிறுத்த விடவில்லை. காலையும் மாலையும் எனிமா. வெள்ளை பிளாஸ்டிக் கேன், அடியில் ரப்பர் குழாய், நுனியில் ஒரு முனை. அங்கேயே வாங்கி வந்தோம். பாத்ரூமில் ஆணி அடித்து மாட்டினார். குழாய்த் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி ஊற்றிக்கொள்வார்.

முதல் சில நாள் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ வருஷம் கழித்து மனுஷன் காலையில் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். "இன்னாங்க, ஏதோ புதையல் கெடைச்ச மாதிரி வர்றீங்க?" என்று கேட்டேன். "புதையல் போயிடுச்சுடி" என்றார். நானும் சிரித்தேன். சந்தோஷம்தானே.

ஆனால் அவருக்கு ஒரு குணம். பாத்தியைக் கழுவி மிதிக்கும்போது, மேலே நிற்கிற தண்ணீரில் கலங்கல் போகிற வரைக்கும் விடவே மாட்டார். மற்றவர்கள் போதும் என்று கரை ஏறிய பிறகும் இவர் மட்டும் உள்ளே நிற்பார். அதே குணத்தை இங்கேயும் காட்டினார். தெளிவாக வரும் வரை ஏற்ற வேண்டும் என்று ஒரு கேன் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. மத்தியானமும் போக ஆரம்பித்தார். குடிக்கிற தண்ணீரும் கூடிக்கொண்டே போனது. உப்பில்லாத கஞ்சியை அவர் மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. உப்பு விற்கிற வீட்டில் உப்பில்லாக் கஞ்சி! ஒரு வாய் எடுத்துப் பார்த்துத் துப்பிவிட்டேன்.

"ஒரு கல்லு போட்டுக்கங்களேன்."

"உன் உப்பை லாரிக்காரனுக்கு வித்துக்கோ. என்னை விடு."

ஒரு நாள் தலை கனக்கிறது என்றார். சாயங்காலம் வாந்தி. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வகுப்புக்காரருக்கு நான்தான் போன் போட்டேன்.

"நல்ல அறிகுறிம்மா" என்றார். "பழைய கழிவு கெளம்புது. கெளம்புறப்போ தலை வலிக்கும், குமட்டும். பயந்து பாதியில நிறுத்திடாதீங்க. தண்ணியைக் கூட்டுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். படுத்திருந்தவர் கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சொம்பை எடுத்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வியாபாரத்தில் இருக்கிறவளுக்கு ஒன்று தெரியும்: சரக்கு நன்றாக இருந்தாலும் நல்லது, கெட்டுப்போனாலும் நல்லது என்று ஒரே ஆள் இரண்டையும் சொன்னால் அவனை நம்பக் கூடாது. நாளைக்குக் காலையில் டாக்டரிடம் கூட்டிப் போவது என்று முடிவு பண்ணினேன்.

காலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது. அவர் பக்கெட் எதிரில் குந்திக்கொண்டு, தண்ணீருக்குள் கையை விட்டு, இரண்டு விரலையும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"இருபத்தஞ்சு" என்றார். "விழுந்துடுச்சு. ஆளை வரச் சொல்லு. வாரிடலாம்."

அது குழாய்த் தண்ணீர். குடிக்கிற தண்ணீர்.

எத்தனையோ பேருடன் சண்டை போட்டவள் நான். புயலில் கூரை பறந்தபோதுகூட நான் கத்தவில்லை. அந்த நிமிஷம் கத்திவிட்டேன். அவர் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்த விரல் பொய் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் பக்கத்துத் தெரு. உப்பு மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று வைத்திருக்கிறான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டால், இந்த மழையில் வர நேரமாகும் என்றார்கள். அந்தக் குட்டியானையிலேயே பின்னால் மெத்தையைப் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, அவரை என் மடியில் சாய்த்துக்கொண்டு பாண்டிக்குக் கிளம்பினோம். தார்ப்பாயில் ஒட்டியிருந்த உப்பு மழையில் கரைந்து எங்கள் மேல் சொட்டிக்கொண்டே வந்தது. வழியெல்லாம் அவர் மடையை அடை, மடையை அடை என்று முனகினார். பொம்மையார்பாளையம் தாண்டும்போது பேச்சு நின்றது. உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. "டேய், நிறுத்தாதடா, போடா, போடா!" என்று தம்பியை நோக்கிக் கத்தினேன். பெரிய முதலியார்சாவடியில் அந்த மண்டபத்தைக் கடந்தபோது, வாசலில் கட்டியிருந்த வகுப்பு பேனர் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வலிப்பை நிறுத்தினார்கள், ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. முகத்தில் தூக்கமில்லை.

"அவருக்கு ரத்தத்துல உப்பு ரொம்ப ரொம்பக் கம்மியா இருக்குதும்மா. அதான் வலிப்பு. வீட்டுல என்ன குடுத்தீங்க?"

என் தம்பி சிரித்துவிட்டான். "உப்பா? டாக்டரம்மா, நாங்க உப்பளத்துக்காரங்க."

"நீங்க யாரா இருந்தாலும் ரிப்போர்ட்டு அதான்" என்றார் அவர். "என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலைங்க. தண்ணிதான்."

"எவ்ளோ தண்ணி?"

சொன்னேன். உப்பை விட்டதையும் சொன்னேன். மாத்திரைச் சீட்டைக் காட்டினேன். அவர் யோசித்துவிட்டு, "இதெல்லாம் சேந்து இறக்கும். ஆனா இவ்ளோ வேகமா இறக்க வேற ஏதோ இருக்குது. மறைக்காதீங்கம்மா. அவரு உசிரு சம்பந்தப்பட்டது" என்றார்.

பக்கத்தில் தம்பி. எதிரில் நர்சு. பின்னால் யார் யாரோ. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொது இடத்தில் லாரிக்காரனை நான் திட்டாத வார்த்தை இல்லை. ஆனால் புருஷன் பாத்ரூமில் செய்ததை இன்னொருவரிடம் சொல்வது வேறு. அவர் யாரிடமும் சொல்லாமல் காத்து வைத்திருந்தது. இருந்தாலும் அங்கே உள்ளே கிடப்பது அவர். சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன்.

"எனிமாங்க. ஒரு நாளைக்கு மூணு வேளை. ஒரு வேளைக்கு ரெண்டு மூணு கேனு."

"வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணி. குழாய்த் தண்ணி. ஏத்தினது வெளிய வந்துடுதுன்னு சொன்னாருங்களே?"

"வெளிய வந்ததைத்தான் பாத்தாரு. உள்ள தங்கினதை யாரு பாத்தா?" என்றார் டாக்டரம்மா. "குடலோட வேலையே தண்ணியை உறிஞ்சுறதும்மா. வாயில குடிச்சது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ரெண்டு வழியிலயும் வெறுந் தண்ணி ஏறுது. கழுவிக் கழுவி விட்டப்போ உடம்புல இருந்த உப்பும் கூடவே போகுது. பிரஷர் மாத்திரையும் உப்பை ஒண்ணுக்குல இறக்குற மாத்திரை. சோத்துல உப்பே இல்லை. அப்புறம் ரத்தத்துல என்ன இருக்கும்? அந்த நீத்துப்போன ரத்தத்துல இருந்து தண்ணி மூளைக்குள்ள எறங்கி, மூளை வீங்கிக்கிது. மண்டையோடு எடம் குடுக்குமா?"

நீத்துப்போன ரத்தம். எனக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. இறுகி, உப்பு விழப் போகிற பாத்தியில் ஒரு இரவு மழை கொட்டினால் காலையில் என்ன இருக்கும் என்று எனக்கா தெரியாது? ஒவ்வொரு வருஷமும் என் வயிற்றெரிச்சல் அதுதானே. உடம்புக்கு ஒரு மழைக்காலம் கொடுங்கள் என்றார் அந்த மனுஷன். கொடுத்துவிட்டோம்.

"எனிமாவே கெட்டதுங்களா?" என்று கேட்டேன்.

"நாங்களே குடுக்கிறோமே. யாருக்கு, என்ன தண்ணி, எவ்ளோன்னு பாத்துக் குடுக்கிறோம். வீட்டுல தினமும் ஏத்திக்கிட்டு, முனை குத்திக் குடல் கிழிஞ்சு வந்தவங்களையும் இதே கட்டில்ல பாத்திருக்கேன். வயித்துத் தொல்லைன்னா வெக்கப்படாம எங்ககிட்ட வந்திருந்தா மாத்திரையை மாத்திக் குடுத்திருப்போம்."

"பொழைச்சுக்குவாரா?"

"பாக்கலாம்மா. மெதுவாத்தான் ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். "ஆமாம்" என்று சொல்லவில்லை.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் பிழைத்தால் போதுமா, பழைய ஆளாக எழுந்து வருவாரா, அந்த விரல் திரும்பி வருமா என்று ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு உள்ளே விட்டார்கள். கையில் ஊசி குத்தி, ஒரு மிஷின் வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து போய்க்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர்தான் என்றாள் நர்சு. அந்த வேகத்தைப் பார்த்து எனக்கு எரிந்தது. என் குவியலில் டன் டன்னாக உப்பு கிடக்கிறது, என் புருஷனுக்குச் சொட்டுக் கணக்கில் தருகிறார்கள்.

என் தம்பிக்கும் அதே எரிச்சல். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தவன் கையில் ஒரு தண்ணீர் பாட்டில், கலங்கலாக. இன்னொரு கையில் மஞ்சள் பை. என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

"யக்கா, வண்டியில ஒட்டியிருந்த உப்பையெல்லாம் சொரண்டிக் கரைச்சுட்டேன். நல்லா திக்கா இருக்குது. வாயில ஊத்தினா வாந்தி எடுத்துருவாரு. அதான் அந்த வழியாவே ஏத்திடலாம்" என்று பையைத் திறந்து காட்டினான். உள்ளே எங்கள் வீட்டு எனிமா கேன். கிளம்புகிற அவசரத்தில், அது என்னவென்று தெரியாமல், வாந்தி எடுத்தால் பிடிக்க உதவும் என்று பையில் போட்டு வந்திருக்கிறான். "எந்த வழியா உப்பு போச்சோ அந்த வழியா திரும்பிப் போவட்டும். நர்சு சாப்பிடப் போயிருக்குது. நீ திரையை இழுத்துப் புடி."

அவன் பைத்தியக்காரன் இல்லை. மாமன் மேல் உயிர். நானும் அந்த பாட்டிலைக் கையில் வாங்கினேன். கனமாக இருந்தது. எங்கள் உப்பு, எங்கள் ஆள். இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்த மண்டபத்திலும் இப்படித்தான் எல்லாம் சுலபமாகப் புரிந்தது. எங்களுக்குப் புரிகிற மாதிரி இருந்ததாலேயே சரி என்று நம்பினோம். நான் பாட்டிலோடு நேராக டாக்டரம்மாவிடம் போனேன்.

"இதை ஏத்தலாமுங்களா?"

அவர் முகம் வெளுத்துப்போனது. "ஏத்திட்டீங்களா?"

"இல்லைங்க. கேட்டுட்டுச் செய்யலாம்னு."

"நல்ல வேளை." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா, இறங்கினது எப்படி ஆபத்தோ, சட்டுன்னு ஏத்துறதும் அப்படித்தான். வேகமா ஏறினா மூளை நரம்பு தாங்காது. கை கால் வராது, பேச்சு வராது, முழுங்க வராது. அப்படியே கெடப்பாரு. அதான் மணிக்கொரு தடவை ரத்தம் பாத்துப் பாத்து ஏத்துறோம். தயவுசெஞ்சு நீங்க யாரும் கை வைக்காதீங்க."

வெளியே வந்து பாட்டிலைக் கழுவுகிற இடத்தில் கவிழ்த்தேன். தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். "மாமாவைக் கொன்னுருப்பேனாக்கா?" என்றான். "போய் டீ வாங்கிட்டு வா" என்றேன்.

மறுநாள் அவர் கண் திறந்தார். முதலில் கேட்டது தண்ணீர்.

"தண்ணி குடு."

தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டில், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. "இப்பத்தான குடிச்சீங்க. இருங்க" என்றேன். அவருக்கு நாக்கு உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. உப்பளத்தில் உச்சி வெயிலில் நின்றுவிட்டு வந்தவர் மாதிரி கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் என்னை அந்த மாதிரி பார்த்ததே இல்லை.

"ஒரு வாய்டி. ஒரே வாய்."

"முடியாதுங்க."

"பாவி. சாவறவனுக்குத் தண்ணி தர மாட்டியா நீ?"

பக்கத்துக் கட்டில்காரருடைய சம்சாரம் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தாள். "ஏம்மா, மனசு இருக்குதா உனக்கு? நாக்கு வறண்டு கெடக்குது பாரு. டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. ஊத்தும்மா. இல்ல, நான் ஊத்தறேன்" என்று தன் டம்ளரை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினேன். தண்ணீர் அவள் சேலையில் கொட்டியது. வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி.

என்னிடம் வேலை செய்கிற ஆட்களுக்கு நான் ஒரு நாளும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை. அளத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் குடம் குடமாக வைக்கிற ஒரே முதலாளி நான்தான். எங்கள் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்படிப்பட்டவள் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டுகையில் கட்டின புருஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் தராமல் உட்கார்ந்திருந்தேன். துணியை நனைத்துப் பிழிந்து உதட்டைத் துடைத்தேன். அந்தத் துணியை அவர் பல்லால் கவ்விக்கொண்டார். பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. பிடுங்கினேன்.

மெல்ல மெல்ல ரத்தத்தில் உப்பு ஏறியது. ரத்தம் பார்க்கும்போதெல்லாம் நர்சு என்னைப் பார்த்துத் தலையசைப்பாள். வார்த்தை சேர்ந்து வர ஆரம்பித்தது. என்னைத் திட்டியது அவருக்கு நினைவில்லை. நான் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வகுப்புக்காரர் இரண்டு இளநீரோடு பார்க்க வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை.

"எனக்கு ஒண்ணுமே ஆகலையேம்மா. இத்தனை வருஷமா நானும் பண்றேனே" என்றார்.

"உங்களுக்கு ஆகலை. அதான் பேசிக்கிட்டு நிக்கிறீங்க" என்றேன். "மண்டபத்துல உக்காந்திருந்தவங்கள்ல யாருக்குப் பிரஷர் மாத்திரை, யாருக்குக் கிட்னி, யாருக்கு இதயம்னு கேட்டீங்களா?"

"மருந்தை விட்டுடணும்னு சொன்னேனே."

"தலைவலி வந்தப்போ போன் பண்ணேன். தண்ணியைக் கூட்டச் சொன்னீங்க."

அவர் இளநீரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். வகுப்பு நின்றதா என்றால் இல்லை. இப்போதும் நடக்கிறது என்று கேள்வி. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் ஆணியில் அந்தக் கேன் தொங்குகிறது. போய்ச் சொன்னேன். "உங்க வீட்டுக்காரரு அளவு தெரியாமப் பண்ணிட்டாரு, நாங்க அளவாத்தான்" என்றார்கள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக் கேனை நான் அறுத்து எறிந்துவிட்டேன். ஆசாரியை வரவழைத்து பாத்ரூம் தாழ்ப்பாளையும் கழற்றச் சொன்னேன். "மானமா ஒருத்தன் போக முடியுதா இந்த வீட்டுல?" என்று கத்துகிறார். கத்தட்டும். அவர் உள்ளே போனால் நான் வெளியே ஏதாவது வேலை இருக்கிற மாதிரி நிற்பேன். குழாய் கொஞ்ச நேரம் அதிகமாக ஓடினால் கதவைத் தட்டுவேன். வயிற்றுக்கு இப்போது டாக்டரம்மா கொடுத்த மருந்து குடிக்கிறார். வெட்கப்பட்டுக்கொண்டேதான் குடிக்கிறார்.

மழை விட்டு, தண்ணீர் வடித்து, சேறு மிதித்து, பாத்தி தயாரானது. மாசி வெயிலில் தண்ணீர் இறுகியது. முதல் வாரலுக்கு ஆட்கள் பலகையோடு வந்து வரப்பில் நின்றார்கள். அவர் இறங்கி, எப்போதும் போல ஒரு கை அள்ளினார். இரண்டு விரலையும் தேய்த்தார். அவ்வளவு நேரம் அவர் தேய்த்து நான் பார்த்ததில்லை.

"இருபத்தஞ்சு" என்றார்.

நான் வரப்பில் குனிந்து குழாயைத் தண்ணீரில் விட்டேன். இருபத்திரண்டில் நின்றது. எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டேன். இருபத்திரண்டு.

ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குழாயில கோளாறு" என்றேன். "கீழே போட்டுட்டேன் போன வருஷம். புதுசு வாங்கணும்." பிறகு ஆட்களிடம், "ரெண்டு மூணு நாள் எனக்குப் பாண்டியில வேலை இருக்குது. மூணு நாள் கழிச்சு வாங்க, வாரலாம்" என்று அனுப்பிவிட்டேன். மூன்று நாள் வெயில் காய்ந்தால் தண்ணீர் தானாக அவர் சொன்ன கணக்குக்கு வந்துவிடும்.

எல்லோரும் போன பிறகும் அவர் பாத்தியிலேயே நின்றார். மறுபடி ஒரு கை அள்ளினார்.

"ஏய், குழாயைக் குடு, பாக்கலாம்" என்றார்.

"அதான் கெட்டுப்போச்சுன்னேனே" என்று சொல்லி, குழாயை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தேன்.